கொடைக்கானல் குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்? கம்பளி முதல் வாத்துத் தூவி வரை

டிசம்பர் நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் சனி, ஞாயிறு டென்ட்டில் தங்கப் போகிறோம், கனமில்லாமல் கதகதப்பாக இருக்கிற ஸ்லீப்பிங் பேக் எதை வாங்கலாம்? கேட்பவர்களில் பாதிப் பேர் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள். ஜனவரியில் இமயமலையில் கேதார்கந்தா சிகரத்துக்குப் போகிற யோசனையும் இருக்கிறது, ஒரே பையை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள முடியுமா?

இதற்கு இணையத்தில் கிடைக்கிற பதில்களில் பெரும்பாலானவை குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குக் குளிர் வாசல்படியில் நிற்கிறது. மதுரைக்காரர்களான நமக்கோ அது ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற சங்கதி. வருஷத்தில் ஏதோ சில இரவுகள் மலையில். மற்ற நாளெல்லாம் அந்தப் பை மதுரை வெக்கையில் பீரோ மேலேயோ பரணிலோ கிடக்கும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

எவ்வளவு குளிர். மதுரை கடல்மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் மேலே இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆக இரண்டு ஊருக்கும் 13 டிகிரி வித்தியாசம். ஜனவரி விடியற்காலையில் இங்கே 20, 21 என்றால் அங்கே 7, 8 வருவது இப்படித்தான். ஆனால் நாம் டென்ட் அடிப்பது கொடைக்கானல் ஊருக்குள் இல்லையே. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் புல்வெளிப் பள்ளங்களில் தேங்கிவிடும். அங்கே இன்னும் சில டிகிரி இறங்கும். சில நாள் விடியும்போது புல் மேல் உறைபனியே படிந்திருக்கும். அதனால் மேல்மலைக்கு 2லிருந்து 8 டிகிரி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டவடையும் கொழுக்குமலையும் இதே ரகம், கொழுக்குமலையில் காற்றும் சேர்ந்து அடிக்கும். சிறுமலை, மேகமலைக்கு 12 டிகிரிக்குத் தயாராகப் போனால் போதும். கேதார்கந்தா 12,500 அடி. ஜனவரியில் பனியின் மேலேதான் டென்ட், இரவு மைனஸ் 10 என்பதெல்லாம் அங்கே சாதாரணம்.

பையில் போட்டிருக்கும் எண். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. ஐஎஸ்ஓ 23537 என்ற தரமுறைப்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் கை கால் தளர்த்திப் படுத்துக் குளிரில்லாமல் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய அளவு. எக்ஸ்ட்ரீம் தூங்குவதற்கான எண்ணே இல்லை. அந்தக் குளிரில் ஆறு மணி நேரம் உயிர் தாங்கும், அவ்வளவுதான். கடைக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் லிமிட் அல்லது எக்ஸ்ட்ரீம். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை மட்டும். நாமோ 24 டிகிரியில் ஏசியை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிற ஆட்கள், நமக்கு லிமிட் எல்லாம் ஒத்துவராது. மூன்று எண்ணும் இல்லாமல் ‘-10°’ என்று மட்டும் அச்சடித்த பையாக இருந்தால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

யார் சுமப்பது. கனம் குறைவாக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் யார் முதுகில் என்று யோசிப்பதில்லை. தமிழக வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளும் பகல் நடைகள். அவற்றுக்கு ஸ்லீப்பிங் பேக்கே தேவையில்லை. காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்கவும் முடியாது. 2018 மார்ச்சில் நடந்த குரங்கணித் தீக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. மிச்சம் இருப்பது தனியார் நிலத்தில் இருக்கும் டென்ட் இடங்கள். அங்கே வாசல் வரைக்கும், இல்லாவிட்டால் கொஞ்ச தூரம் முன்னே வரைக்கும் ஜீப் போகும். கார் டிக்கியில் வருகிற பைக்கு 900 கிராம் என்றால் என்ன, ஒன்றரைக் கிலோ என்றால் என்ன? பைக்கிலோ அரசுப் பேருந்திலோ போகிறவர்கள் எடையை விட அளவைப் பார்க்க வேண்டும். பெட்டி வைக்கிற கம்பித் தட்டில் நுழையாத சுருணையைக் கொடைக்கானல் வரை மடியில்தான் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

ஈரம். கொடைக்கானல் மூடுபனி ஊர். இரண்டு பேர் மூச்சு விடுகிற டென்ட்டின் உள்சுவரில் விடியற்காலை தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பையின் கால் பக்கம் சுவரில் உரசிக்கொண்டே இருந்தால் நனைந்துவிடும். இதைத் தாங்குகிற பஞ்சா என்பது எடையை விட முக்கியம்.

உங்களுக்கு அடியில் என்ன. சூட்டைக் காப்பது பஞ்சுக்கு இடையில் நிற்கிற காற்று. முதுகுக்குக் கீழே அந்தப் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடும், காற்றும் இல்லாமல் போகும். அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும் தரை வழியே ஏறுகிற குளிரை அது நிறுத்தாது. அதற்குத் தனியாக விரிப்பு வேண்டும், அதன் காப்புத் திறனை ஆர் மதிப்பு என்று சொல்வார்கள். சாதாரண ஃபோம் மேட் ஏறத்தாழ 2, கொடைக்கானலுக்குப் போதும். பனிக்கு 4 அல்லது அதற்கு மேல். வெறும் காற்று ஊதுகிற மெத்தை பார்க்கச் சொகுசாக இருக்கும், உள்ளே காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் காப்பு 1கூடத் தேறாது. கோரைப்பாய் ஒரு விரிப்பு என்பதோடு சரி.

மேலே சொன்ன கம்ஃபர்ட் எண்ணும் அடியில் நல்ல விரிப்பும் உடம்பில் முழுக்கை உள்ளாடையும் உண்டு என்று வைத்துச் சோதித்ததுதான். இரண்டும் இல்லாமல் படுத்தால் அந்த எண் கைகொடுக்காது.

## ஒரு பார்வைக்கு

| எது | எடை (ஏறத்தாழ) | எந்தக் குளிர் வரை | நனைந்தால் | விலை (ஏறத்தாழ) |
|---|---|---|---|---|
| வீட்டுக் கம்பளி, இரண்டு | 3–4 கிலோ | 12 டிகிரி | கனக்கும், ஆனாலும் கொஞ்சம் சூடு நிற்கும் | வீட்டில் இருப்பது |
| செவ்வக பாலியெஸ்டர் பை | 1–1.5 கிலோ | 12–15 டிகிரி | சீக்கிரம் காயும் | 1,000–2,000 ரூபாய் |
| மம்மி (கால் பக்கம் குறுகியது) பாலியெஸ்டர் பை | 1.3–1.8 கிலோ | 0–5 டிகிரி | சீக்கிரம் காயும் | 2,500–5,000 ரூபாய் |
| மம்மி தூவிப் பை | 0.8–1.1 கிலோ | 0 டிகிரி, மாடலைப் பொறுத்து அதற்கும் கீழே | சூடு போய்விடும் | 8,000 ரூபாய் தொடங்கி 20,000க்கு மேலும் |
| வாடகை | உங்கள் முதுகில் இல்லை | அவர்கள் தருவது | அவர்கள் பாடு | இடத்துக்கு இடம் மாறும் |

## வீட்டுக் கம்பளி

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் காரில் சிறுமலைக்கோ மேகமலைக்கோ போய் ஓர் இரவு தங்கப் போகிற குடும்பத்துக்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. ஃபோம் மேட் மட்டும் வாங்குங்கள், மேலே கம்பளி இரண்டு. குழந்தையைப் பக்கத்தில் போட்டு அணைத்துக்கொண்டு தூங்கலாம், அது ஒற்றைப் பையில் முடியாது. குறை என்னவென்றால் புரண்டு படுத்தால் பக்கவாட்டில் திறந்துகொள்ளும், கால் பக்கம் காற்று நுழையும். 10 டிகிரிக்குக் கீழே அந்த இடைவெளிகளே தூக்கத்தைக் கெடுத்துவிடும். மேல்மலைக்கு இது வேண்டாம்.

## செவ்வகப் பை

உறை மாதிரி நீள்சதுரமாக, முழுக்க ஜிப் வைத்தது. ஜிப்பைத் திறந்தால் மெத்தை விரிப்பு, மூடினால் பை. கை கால் வீச இடம் இருக்கும், மதுரை வீட்டில் விருந்தாளி வந்தாலும் பயன்படும். விலையும் கையைக் கடிக்காது.

டவுனுக்குள் பேக் கடைகளில் கிடைப்பதில் அதிகமும் இந்த ரகம்தான், அதிகமாக ஏமாற்றுவதும் இதுவே. தலைக்கு மூடி இல்லை, தோள் பக்கம் இறுக்கும் கயிறு இல்லை, உள்ளே உடம்பு சூடாக்க வேண்டிய வெற்றிடம் நிறைய. கொடைக்கானலில் டிசம்பரில் இதோடு படுத்தவர்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கையில் இருக்கிற ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வார்கள். இன்னும் மோசம், குளிர் தாங்காமல் கரி அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்து வைப்பது. மூடிய டென்ட்டில் கரிப்புகை தெரியாமலே ஆளைக் கொல்லும், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

சித்திரையில் கொடைக்கானல், எந்த மாதமும் சிறுமலை, கல்லூரி முகாம், ரயில் பயணம் என்றால் இதைத் தாராளமாக வாங்கலாம்.

## மம்மி வடிவப் பாலியெஸ்டர் பை

தோளில் அகலமாக இருந்து காலை நோக்கிக் குறுகி, தலைக்கு மூடியோடு வருவது. மதுரையிலிருந்து போகிற பெரும்பாலானவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: கம்ஃபர்ட் 5 டிகிரி, முடிந்தால் 2 அல்லது 3. கூடவே ஆர் மதிப்பு 2 இருக்கிற ஃபோம் மேட். இரண்டும் சேர்ந்தாலும் சாதாரணத் தூவிப் பையின் விலையில் பாதிதான் வரும்.

காரணம் எளிது. பாலியெஸ்டர் பஞ்சு மூடுபனியில் லேசாக நனைந்தாலும் முழுக்கக் கைவிடாது, காலையில் வெயில் வந்தால் ஒரு மணி நேரத்தில் உதறிச் சுருட்டிவிடலாம். வீட்டுக்கு வந்து மென்மையான சோப்புத் தண்ணீரில் அலசி, மொட்டை மாடி நிழலில் போட்டால் மறுநாள் காய்ந்திருக்கும். நேர் வெயில் வேண்டாம், நைலான் துணி இற்றுப்போகும். பரணில் கிடந்தாலும் தூவி அளவுக்குக் கவனம் கேட்காது.

இதன் மறைமுகச் செலவு ஆயுள். அமுக்கி அமுக்கி வைக்க வைக்கப் பாலியெஸ்டர் இழைகள் மடிந்து, உப்புவதை நிறுத்திவிடும். வாங்கும்போது 5 டிகிரி தாங்கிய பை சில வருஷத்தில் 8, 9 டிகிரிக்கே குளிர ஆரம்பிக்கும். அதனால் வீட்டில் அதன் சின்ன உறைக்குள் திணித்து வைக்காதீர்கள். பழைய வேட்டியை மடித்துத் தைத்தால் நல்ல பெரிய பை ஆகும், அதில் தளர்வாகப் போட்டுக் கட்டி வையுங்கள். பாச்சை உருண்டையை உள்ளே போடக் கூடாது, அந்த வாடை மூடிக்கொண்டு படுக்கிற மூக்குக்கு நேராக வரும். எலி வராத இடமா என்று மட்டும் பாருங்கள்.

சுருட்டினால் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பது இன்னொரு குறை. பைக்கில் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவர்கள் மழை உறை ஒன்று வாங்கிவிடுங்கள். பெரியகுளத்தில் வெயில் அடித்தாலும் மேலே ஏறினால் தூறலாக இருக்கும்.

## தூவிப் பை

கடையில் டவுன் என்று சொல்வது வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இறகுக்கு அடியில் இருக்கிற மென்தூவி. ஒரே எடையில் இதைப்போல் சூடு தருகிற வேறு பஞ்சு கிடையாது, இதில் சந்தேகமே வேண்டாம். 550, 650, 800 என்று போட்டிருப்பார்களே, அது ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி உப்பி நிற்கும்போது எத்தனை கன அங்குலம் அடைக்கிறது என்ற அளவு. எண் கூடக் கூட அதே கதகதப்புக்குக் குறைந்த தூவி போதும், எடை குறையும், விலை ஏறும். கூடவே தூவிக்கும் சாதா இறகுக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். 90க்கு 10 என்றால் நல்லது. துணியை விரலால் நிமிண்டும்போது இறகுக் காம்பு குத்தினால் வேண்டாம்.

கையில் எடுத்தால் மயங்கிவிடுவீர்கள். சிறிய மாடல்கள் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சுருங்கும், திறந்துவிட்டால் இட்லி மாதிரி உப்பும்.

ஆனால் மதுரை வீட்டில் இதை வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. நனைந்தால் தூவி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு சூட்டை இழந்துவிடும். நீர் ஒட்டாத பூச்சு கொடுத்த தூவி கொஞ்சம் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. துவைக்கத் தனிச் சோப்பும், முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினும் வேண்டும்; மேலே திறக்கிற மெஷினின் நடுத்தண்டு தையலைக் கிழித்துவிடும். டிரை கிளீனிங் கொடுத்தால் தூவியின் இயற்கை எண்ணெய் போய்விடும். பிறகு உலர்த்துவது. மேல்நாட்டில் டிரையரில் குறைந்த சூட்டில் டென்னிஸ் பந்தோடு போட்டுச் சுற்றுவார்கள். நம் வீடுகளில் டிரையர் ஏது? நிழலில் நாள்கணக்கில் போட்டு, கட்டிகளைக் கையாலேயே பிரித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்கினால் காயாது, நாற்றம் பிடித்துவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேலும் உழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ‘ஒழுங்காக’ என்பதில் இத்தனையும் அடக்கம்.

சைவக்காரர்கள் வாங்குமுன் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இது கறிக்கு வளர்க்கும் வாத்திலிருந்து எடுப்பது. உயிரோடு பிடுங்கவில்லை என்று சான்றளிக்கும் ஆர்டிஎஸ் முத்திரை சில பைகளில் இருக்கும்.

இமயமலையில் தன் சாமானைத் தானே சுமந்து பல நாள் நடக்கிறவர்கள், தொலைதூரச் சைக்கிள்காரர்கள், வருஷாவருஷம் லடாக், ஸ்பிதி என்று போகிறவர்கள் இதை வாங்கட்டும். அவர்களுக்கு அரைக் கிலோ குறைவது பெரிய விஷயம். மன்னவனூருக்காக மட்டும் வாங்கினால் அந்த அரைக் கிலோவைச் சுமப்பது ஜீப்தான், அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

## வாடகை

கேதார்கந்தா கேள்விக்கு இதுதான் பதில். அங்கே குழுவாக அழைத்துப் போகிற நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே மைனஸ் குளிருக்கான பையைத் தந்துவிடுவார்கள், முகாமிலேயே இருக்கும். கொடைக்கானலுக்கு வாங்கிய 5 டிகிரிப் பையைச் சம்பர்க் கிராந்தி ரயிலில் டெல்லி வரை தூக்கிக்கொண்டு போய் ஒரு பிரயோஜனமும் இல்லை. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பையின் கம்ஃபர்ட் எண் என்ன, உள்ளே போடும் லைனர் தருவீர்களா?

லைனர் என்றால் பைக்குள் போடுகிற மெல்லிய துணிப்பை. உங்களுடையதையே கொண்டு போவது உத்தமம், முந்தைய குழு படுத்த பையில் நேராகப் படுக்க வேண்டியதில்லை. ஃபிளீஸ் லைனர் என்றால் சில டிகிரி கூடுதல் சூடும் கிடைக்கும், அட்டையில் போட்டிருக்கிற அளவுக்குக் கிடைக்காது.

கொடைக்கானல் டென்ட் இடங்களிலும் பை தருகிறார்கள். சுத்தம் இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் செவ்வக ரகம். முதல்முறை போகிறவர்கள் அதையே வாங்கி இரண்டு அடுக்காகப் போட்டுச் சமாளித்துவிட்டு, இந்தப் பழக்கம் தொடருமா என்று பார்த்த பிறகு சொந்தமாக வாங்கலாம்.

போடி இலவம்பஞ்சில் தைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான்; எடை குறைவு, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது, ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளிலேயே அதை அடைத்திருக்கிறார்கள். ஆனால் அமுக்கிச் சுருட்டினால் திரும்ப உப்பாது. தலையணைக்கு ஜோர், சுருட்டித் தூக்கிப் போகிற பைக்குச் சரிப்படாது.

## கடையில் நிற்கும்போது

உள்ளே படுத்துப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். காலை நீட்டினால் நுனி முட்டக் கூடாது, முட்டினால் அங்கே பஞ்சு நசுங்கிப் பாதம் விறைக்கும். ரொம்பப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. பிறகு ஜிப்பை உள்ளிருந்தே நாலைந்து முறை மேலும் கீழும் இழுங்கள். மலிவுப் பைகளில் உள்துணி பல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். இருட்டில், விறைத்த விரலோடு, அவசரமாக வெளியே போக வேண்டிய நேரத்தில் அதை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜிப்பின் பின்னால் நீளவாக்கில் பஞ்சு அடைத்த பட்டை ஒன்று ஓட வேண்டும், அது இல்லையென்றால் ஜிப் வழியே காற்று வரும். தம்பதியாகப் போகிறவர்கள் ஒன்றில் இடது ஜிப், ஒன்றில் வலது ஜிப் என்று ஒரே மாடலில் வாங்கினால் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். மதுரை மொட்டை மாடியில் படுத்தால் வேர்த்து ஊற்றுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏசியை 16இல் வைத்து, தரையில் ஃபோம் மேட் விரித்து, மின்விசிறியையும் ஓடவிட்டு ஓர் இரவு படுங்கள். கம்ஃபர்ட் 5 என்று வாங்கிய பையில் அந்த அறையில் நீங்கள் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு படுக்க வேண்டி வரும். மாறாக விடியும்போது குளிர்ந்து எழுந்தால், லேபிளைக் கிழிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.